பி.எஸ்.ஏ. எண்ணுக்குப் பக்கத்தில் என்னென்ன எழுதி வைக்க வேண்டும்

உங்கள் வீட்டில் யாராவது புராஸ்டேட் (ஆண்களுக்கு மூத்திரப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) வீக்கத்துக்காக ராத்திரி படுக்கும்போது ஒரு மாத்திரை போடுகிறார் என்றால், மேலே படிக்கும் முன்னால் அந்த அட்டையை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி வைத்த பெயர் வேண்டாம், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் பாருங்கள். டாம்சுலோசின் மட்டும் என்றால் சரி. அதோடு டியூட்டாஸ்டரைடு அல்லது ஃபினாஸ்டரைடு என்று இருந்தால், அவருடைய பி.எஸ்.ஏ. (புராஸ்டேட் புற்றுநோய் இருக்குமா என்று பார்க்க எடுக்கும் ரத்த டெஸ்ட்) ரிப்போர்ட்டில் வரும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. இந்த இரண்டும் சுரப்பியைச் சுருக்கும் மருந்துகள். ஆறு மாதம், ஒரு வருடம் என்று தொடர்ந்து எடுத்தால் பி.எஸ்.ஏ. ஏறத்தாழப் பாதியாக இறங்கிவிடும். அதனால் வருகிற எண்ணை இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். ரத்தம் எடுக்கும் லேபுக்கு நீங்கள் என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று தெரியாது. அவர்கள் 0 முதல் 4 வரை நார்மல் என்று பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள்.

என் அண்ணனுக்கு அதுதான் நடந்தது. மன்னார்குடிப் பக்கம் கிராமம், விவசாயம். ஒன்றுக்கு வருவதற்குச் சிரமப்பட்டதால் அந்த இரட்டை மருந்து மாத்திரையைப் பல வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தார். வருடாவருடம் பி.எஸ்.ஏ. எடுத்தார்கள். 1.4, அடுத்து 2.1, அடுத்து 3.7. மூன்றுமே நாலுக்குள்தான். ஆனால் இந்த மருந்து எடுப்பவருக்கு எண் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்க வேண்டும். நிற்காமல் ஏற ஆரம்பித்தால், எந்த அளவில் இருந்தாலும் ஏன் என்று தேடியாக வேண்டும். மூன்று ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாரும் பார்க்கவில்லை. ஒவ்வொன்றும் தனித்தனிக் கவரில் பீரோவில் இருந்தது. நார்மல்தான் என்று சொன்னதும் அண்ணன் டெஸ்ட் எடுப்பதையே விட்டுவிட்டார்.

அப்புறம் சில வருடத்தில் முதுகுவலி. வயல் வேலை செய்கிறவருக்கு முதுகுவலி வந்தால் யாருக்கும் வேறு நினைப்பு வராது. வலி மாத்திரை, பெல்ட், எண்ணெய் தேய்ப்பது எல்லாம் ஆனது. ஆனால் இந்த வலி படுத்தால் குறையவில்லை, ராத்திரியில்தான் அதிகமானது. வேலை செய்து பிடித்துக்கொண்ட முதுகு படுத்தால் கொஞ்சமாவது இளகும். ஐம்பது அறுபது வயதுக்கு மேல், தூக்கத்தைக் கெடுக்கிற, நாளுக்கு நாள் கூடுகிற முதுகுவலி இருந்தால் எலும்பு டாக்டரிடமே ஒரு பி.எஸ்.ஏ. எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். சில நூறு ரூபாய் விஷயம்.

ஒரு சாயங்காலம் கொல்லையிலிருந்து நடந்து வந்தவரின் ஒரு காலில் செருப்பு இல்லை. வழியிலேயே கழன்று விழுந்திருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. அண்ணிதான் கவனித்து, "ஒத்தச் செருப்போட வர்றீங்களே, கால்ல கல்லு குத்தலையா?" என்று கேட்டிருக்கிறார். உள்ளங்காலில் உணர்ச்சியே இல்லை. அன்று ராத்திரியே காரில் திருச்சிக்குக் கூட்டிவந்தோம். எம்.ஆர்.ஐ.யில் பார்த்தால், புராஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவி, உள்ளே போகும் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. உடனே ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள், மறுநாளே அந்த இடத்துக்குக் கரண்ட் (கதிர்வீச்சு) வைக்க ஆரம்பித்தார்கள். பி.எஸ்.ஏ. நானூறைத் தாண்டியிருந்தது. அன்றே போனதால் கால் பிழைத்தது. இந்த நிலைமையில் மணிக்கணக்குதான் கணக்கு: நடக்க முடியாமல் போன பிறகு வந்தால் நடை திரும்பக் கிடைப்பது கஷ்டம் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னார். புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவருக்குக் கால் மரத்தாலோ, தளர்ந்தாலோ, திடீரென்று ஒன்றுக்கு, இரண்டுக்கு வருவது தெரியாமல் போனாலோ காலையில் ஓ.பி.க்குப் போகலாம் என்று இருக்காதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அப்போதே போங்கள். வாசலிலேயே "புராஸ்டேட் கேன்சர், கால் மரத்துப்போச்சு" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இந்த நோய் ஆண் ஹார்மோனைத் தின்று வளர்கிறது. அந்த ஹார்மோனை நிறுத்தினால் அடங்குகிறது. 1941-ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் காட்டிய வழி இது. 1966-ல் அவருக்கு இதற்காக நோபல் பரிசு கொடுத்தார்கள். இன்றைக்கும் பரவிய நோய்க்கு அடிப்படைச் சிகிச்சை இதுதான். நிறுத்துவதற்கு இரண்டு வழி. ஒன்று, மாதத்துக்கு ஒரு முறையோ மூன்று மாதத்துக்கு ஒரு முறையோ ஆறு மாதத்துக்கு ஒரு முறையோ ஊசி. இன்னொன்று, விதைகளை எடுத்துவிடும் சின்ன ஆபரேஷன். டாக்டர் இரண்டையும் சொல்லிவிட்டு எங்களைத் தனியாகப் பேசிக்கொள்ளச் சொன்னார். நான் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருக்க, அண்ணனே சொன்னார்: "ஊசிக்குன்னு வருஷம் முழுக்க அலையணும், தவறிப்போச்சுன்னா அதுக்கும் பயப்படணும். எடுத்துரச் சொல்லு தம்பி, முடிஞ்சுது." எல்லாருக்கும் இது ஒத்துவராது, வரவும் வேண்டியதில்லை. மனசுக்குப் பெரிய பாரம் அது, ஊசி போட்டுக்கொள்வதில் எந்தக் குறைவும் கிடையாது. ஆனால் ஊசி எடுப்பவர்கள் இரண்டு விஷயத்தை நினைவில் வைக்க வேண்டும். முதல் ஊசி போட்ட ஆரம்பத்தில் ஹார்மோன் கொஞ்ச நாள் ஏறிவிட்டுத்தான் இறங்கும், அதனால் நோய் பரவியிருந்தால் முன்கூட்டியே பைகலூட்டமைடு மாத்திரை கொடுப்பார்கள்; டிகாரெலிக்ஸ் என்ற ஊசிக்கு மட்டும் அந்த ஏற்றம் கிடையாது. இரண்டாவது, ஊசி வேலை செய்கிறதா என்று பார்க்க, அந்த ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவும் எடுக்க வேண்டும். 50-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. பி.எஸ்.ஏ. ஏறுகிறது, மருந்தை மாற்றலாம் என்று யாராவது சொன்னால், முதலில் டெஸ்டோஸ்டிரோன் எவ்வளவு என்று கேளுங்கள். ஊசி தேதி தள்ளிப்போயிருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம்.

அதோடு கூடவே அபிராட்டரோன் மாத்திரையையும் தொடங்கினார்கள். பரவிய நோய்க்கு ஆரம்பத்திலேயே இதைச் சேர்த்தால் ஆயுள் கூடுகிறது என்று 2017-ல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளும் காட்டின. இந்தியாவில் பல கம்பெனிகள் தயாரிப்பதால் விலை முன்பைவிட நன்றாகக் குறைந்திருக்கிறது. இதை வெறும் வயிற்றில் 1000 மில்லிகிராம் எடுக்க வேண்டும் என்பதுதான் அச்சடித்த விதி. சாப்பாட்டோடு 250 மில்லிகிராம் எடுத்தாலே போதுமா என்று 2018-ல் 72 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது, பலன் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது, அதை வைத்து வசதி குறைந்தவர்களுக்குக் குறைந்த அளவு கொடுக்கும் டாக்டர்கள் நம் நாட்டில் உண்டு. சின்ன ஆய்வுதான். டாக்டரிடம் கேட்கலாம், நீங்களாகக் குறைத்துவிடாதீர்கள். அதேபோல, 1000 எடுப்பவர் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எடுத்தால் மருந்து அளவுக்கு மீறி உடம்பில் ஏறிவிடும், அதுவும் ஆபத்து. கூட வரும் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைச் "சின்ன மாத்திரைதானே" என்று நிறுத்தவே கூடாது. அபிராட்டரோனால் பிரஷர் ஏறும், பொட்டாசியம் இறங்கும், ஈரல் பாதிக்கலாம். அதனால் முதல் மூன்று மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஈரல் டெஸ்ட். ஊரில் யாரோ கொடுத்த மூலிகைப் பொடியை அண்ணி பாலில் கலந்து கொடுக்க ஆரம்பித்த சமயம், ஈரல் எண்கள் ஏறின. பொடியா, மாத்திரையா, எதனால் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் இரண்டையும் நிறுத்த வேண்டி வந்தது. கேன்சர் மாத்திரையை நிறுத்திய அந்த வாரங்கள் வீட்டில் எல்லாருக்கும் பயமாக இருந்தது. பொடி கொடுப்பவர்கள் அன்பினால்தான் கொடுக்கிறார்கள், சந்தேகமில்லை. ஆனால் எதுவானாலும் டாக்டரிடம் காட்டாமல் வாயில் போடக் கூடாது.

எலும்பு மருந்து பற்றியும் சொல்ல வேண்டும். ஹார்மோன் நின்றால் எலும்பு மெலியும். கால்சியம், வைட்டமின் டி, தேவைப்பட்டால் சோலெட்ரானிக் ஆசிட் அல்லது டெனோசுமாப் ஊசி. அந்த ஊசி தொடங்கும் முன்னால் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பதை நிறையப் பேர் தெரிந்து வைத்திருப்பதில்லை. ஊசி போட்ட பிறகு பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் புண்ணாகும் அபாயம் உண்டு. அண்ணனுக்குச் சொத்தையாக இருந்த கடைவாய்ப் பல் இரண்டையும் முதலில் எடுத்து, ஈறு ஆறிய பிறகுதான் ஊசி போட்டார்கள்.

இனி என் கதை. அண்ணன் வார்டில் இருந்தபோது அங்கிருந்த டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க கூடப்பிறந்த தம்பியா? பி.எஸ்.ஏ. எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார். மின்வாரியத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான், சர்க்கரை, பிரஷர் எல்லாம் வருடாவருடம் பார்ப்பேன், இதை யாரும் எழுதியதில்லை. கூடப்பிறந்தவருக்கோ அப்பாவுக்கோ இருந்தால் நமக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல். எடுத்தேன். 5.9.

யூராலஜிஸ்ட் அதைப் பார்த்ததும் பயாப்சிக்கு எழுதவில்லை. முதலில் சிறுநீர் டெஸ்ட் எழுதினார். சிறுநீரில் கிருமித் தொற்று இருந்தாலும் பி.எஸ்.ஏ. ஏறும், டியூப் போட்டிருந்தாலும் ஏறும், ஒன்றுக்கு அடைத்துக்கொண்டாலும் ஏறும், சுரப்பி பெரிதாக இருந்தாலே கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். சில வாரம் விட்டு அதே லேபில் மறுபடி எடுக்கச் சொன்னார். ரத்தம் கொடுப்பதற்கு முன் இரண்டு நாள் தாம்பத்தியம் வேண்டாம், சைக்கிள் நீண்ட தூரம் மிதிக்க வேண்டாம் என்றார். 5.6 வந்தது. அப்புறம் எம்.ஆர்.ஐ. முன்பெல்லாம் எண் ஏறினால் நேராக ஊசி குத்திச் சதை எடுப்பார்கள். 2018-ல் வந்த பிரிசிஷன் ஆய்வுக்குப் பிறகு முதலில் எம்.ஆர்.ஐ. எடுத்து, சந்தேகமான இடத்தைக் குறிவைத்து எடுப்பது பரவலாகிவிட்டது. எம்.ஆர்.ஐ. இல்லாமல் பயாப்சி எழுதினால் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கலாம். என் ரிப்போர்ட்டில் பைராட்ஸ் 4 என்று இருந்தது, புற்றுநோய்ச் சந்தேகத்துக்குப் போடும் மதிப்பெண், ஐந்துக்கு நாலு. சுரப்பி 36 மில்லி. டாக்டர் காகித ஓரத்திலேயே 5.6-ஐ 36-ஆல் வகுத்துக் காட்டினார். 0.15-ஐத் தாண்டினால் சந்தேகம் வலுக்கும், உங்களுக்கு ஒரு நூல் தாண்டியிருக்கிறது என்றார். இதே 5.6, 90 மில்லி சுரப்பி உள்ளவருக்கு வந்திருந்தால் பேச்சே வேறு. அன்றிலிருந்துதான் நான் நோட்டு போட ஆரம்பித்தேன். தேதி, எந்த லேப், எண், அப்போது போடும் மாத்திரைகள், நீர்க்கடுப்பு இருந்ததா, சுரப்பி அளவு, டெஸ்டோஸ்டிரோன் எடுத்திருந்தால் அது. எல்லாம் ஒரே வரியில்.

பயாப்சி பயந்த அளவுக்கு இல்லை. ஆசனவாய் வழியாக ஸ்கேன் கருவியை வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, ஒவ்வொரு துண்டாக எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், சத்தம்தான் தூக்கிப்போட்டது, வலி சுமார். சிறுநீரில் சில நாள் ரத்தம், விந்துவில் சில வாரம் வரைக்கும் ரத்தக் கலங்கல். இதை முன்னாலேயே சொல்லிவிட்டதால் மனைவியும் நானும் பயப்படவில்லை. பயப்பட வேண்டியது காய்ச்சலுக்கு. அந்த வழியாகக் குத்தும்போது குடல் கிருமி ரத்தத்தில் கலக்கலாம், நம் நாட்டில் சாதாரண ஆன்டிபயாடிக்குக்கு மசியாத கிருமிகள் அதிகம். குளிர்க் காய்ச்சல் வந்தால் நடுராத்திரியானாலும் மருத்துவமனைதான், பாராசிட்டமால் போட்டுவிட்டுப் படுக்கக் கூடாது. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் தோல் வழியாக எடுக்கும் முறையில் இந்த ஆபத்து குறைவு, அந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இதயத்துக்காக ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை போடுபவர்கள், ஸ்டென்ட் வைத்தவர்கள், இதய டாக்டரைக் கேட்காமல் அதை நிறுத்த வேண்டாம்.

ரிசல்ட்: கிளீசன் (புற்றுநோய் எவ்வளவு முரடு என்று காட்டும் மதிப்பெண்) 3+3=6, இரண்டு துண்டுகளில் மட்டும். பத்துக்கு ஆறு என்றதும் நடுத்தரம் என்று நினைக்கத் தோன்றும். புற்றுநோய் என்று எழுதும்போது ஆறுதான் இருப்பதிலேயே சிறியது. ஏழு வந்தால் அதில் இரண்டு விதம் உண்டு. 3+4 என்றால் சாதுவான பகுதி அதிகம், 4+3 என்றால் முரட்டுப் பகுதி அதிகம். கூட்டுத்தொகையை மட்டும் வைத்துக்கொண்டு யாரிடமும் ஆலோசனை கேட்காதீர்கள். இப்போது ஒன்று முதல் ஐந்து வரை கிரேடு குரூப் என்றும் போடுகிறார்கள், அது இன்னும் தெளிவு. சந்தேகம் இருந்தால் லேபிலிருந்து ஸ்லைடையும் மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்கி, புற்றுநோய் நிறையப் பார்க்கும் வேறொரு பெரிய மருத்துவமனையில் மறுபடி பார்க்கச் சொல்லலாம். நான் பார்க்கச் சொன்னேன், அதே பதில்தான் வந்தது, ஆனாலும் அந்தச் செலவு மனசுக்குத் தேவைப்பட்டது.

டாக்டர் சொன்னது: இப்போதைக்குச் சிகிச்சை வேண்டாம், கண்காணிப்போம். இதை வீட்டில் புரியவைப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. அண்ணனுக்கு நடந்ததை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். "கேன்சர்னு தெரிஞ்சும் கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பாங்களா?" என்று மச்சான் சத்தமே போட்டார். என் மனைவி பேசவே இல்லை, அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அப்போது எனக்குக் கைகொடுத்தது பிரிட்டனில் நடந்த புரொடெக்ட் என்ற ஆய்வு. சுரப்பிக்குள்ளேயே இருக்கும் புற்றுநோய் உள்ள 1,643 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு ஆபரேஷன், ஒரு பகுதிக்குக் கரண்ட், ஒரு பகுதிக்கு வெறும் கண்காணிப்பு. 15 வருடக் கணக்கு 2023-ல் வந்தது. புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் மூன்று பகுதியிலும் சேர்த்து நூற்றுக்கு மூன்று பேருக்கும் குறைவு, பகுதிக்குப் பகுதி பெரிய வித்தியாசம் இல்லை. கண்காணிப்பில் இருந்தவர்களில் நாலில் ஒருவர் அந்த 15 வருடமும் எந்தச் சிகிச்சையும் எடுக்காமலே உயிரோடு இருந்தார். இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: நோய் பரவியவர்கள் கண்காணிப்புப் பகுதியில் நூற்றுக்கு ஒன்பது பேர், மற்றவற்றில் ஐந்து பேர் சுமார். ஆகவே கண்காணிப்பு என்றால் ஒழுங்காகக் கண்காணிக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு பி.எஸ்.ஏ., வருடத்துக்கு ஒரு முறை ஆசனவாய் வழியாக விரல் பரிசோதனை, இடையிடையே எம்.ஆர்.ஐ., மறுபடி பயாப்சி. தேதி தவறக் கூடாது. தவறவிடும் ஆள் என்று உங்களைப் பற்றி உங்களுக்கே தெரிந்தால் சிகிச்சை எடுத்துவிடுவதே மேல். இது என் அபிப்பிராயம்.

சில வருடம் அப்படியே போனது. நல்ல வருடங்கள். மகள் கல்யாணத்தை அந்தச் சமயத்தில்தான் நடத்தினோம். அப்புறம் எண் எட்டைத் தாண்டியது, எம்.ஆர்.ஐ.யில் அந்த இடம் பெரிதாகியிருந்தது, மறு பயாப்சியில் 4+3. எங்காவது பரவியிருக்கிறதா என்று பார்க்கும் பி.எஸ்.எம்.ஏ. பெட் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு ஸ்கேன், சி.டி. இரண்டையும் சேர்த்து எடுப்பதைவிட இது துல்லியம் என்று 2020-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டியது. எங்கும் பரவவில்லை. சிகிச்சை எடுக்கும் நேரம் வந்துவிட்டது, அவ்வளவுதான். கண்காணித்ததனால்தான் சரியான நேரத்தில் தெரிந்தது என்று மச்சானே சொன்னார்.

ஆபரேஷனா, கரண்ட்டா? ஆபரேஷன் செய்பவரையும் கரண்ட் வைப்பவரையும் தனித்தனியாகப் பாருங்கள், ஒருவரை மட்டும் பார்த்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஆபரேஷனில் சுரப்பியை முழுதாக எடுத்துவிடுகிறார்கள், அதன்பின் பி.எஸ்.ஏ. இல்லை என்றே சொல்லும் அளவுக்கு வர வேண்டும், 0.2-ஐத் தொட்டால் திரும்ப வந்ததாகக் கணக்கு. என்னோடு வேலை பார்த்த ஒருவர் ரோபோ மூலம் செய்துகொண்டார். டியூப் எடுத்த பிறகு சில மாதம் இருமினால், தும்மினால் ஒன்றுக்குக் கசிந்தது, இடுப்புத் தளத் தசைப் பயிற்சியை ஆபரேஷனுக்கு முன்பே தொடங்கியிருந்ததால் சீக்கிரம் தேறினேன் என்றார். எனக்கு ஸ்டென்ட் இருக்கிறது, வயதும் அறுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. கரண்ட், கூடவே ஆறு மாதம் ஹார்மோன் ஊசி என்று முடிவானது.

கரண்ட் வைப்பதைப் பற்றி யாரும் விலாவாரியாகச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன். முன்பு எட்டு வாரம் வரை இழுக்கும். இப்போது 60 கிரே கதிர் அளவை 20 தவணையில், நாலு வாரத்தில் முடிக்கும் முறை நிலைத்துவிட்டது. 2016-ல் வந்த பிரிட்டிஷ் ஆய்வு இதற்கு ஆதாரம். படுக்கை நேரம் சில நிமிடம்தான், வலி கிடையாது, ஒன்றும் தெரியாது. வேலை எல்லாம் அதற்கு முன்னால். குடல் காலியாக இருக்க வேண்டும், மூத்திரப்பை நிறைந்திருக்க வேண்டும், தினமும் ஒரே அளவில். பை நிறைந்தால் குடல் மேலே தள்ளிப் போகும், கதிர் அதில் படாது. ஆசனக்குடலில் காற்று இருந்தால் சுரப்பி இடம் மாறிவிடும். அதனால் காலையில் மலம் கழித்துவிட்டு, அங்கே போய் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு முக்கால் மணி நேரம் அடக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நாங்கள் நாலைந்து பேர், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள், கையில் தண்ணீர் பாட்டிலோடு ஒரே பெஞ்சில். எனக்கு முன்னால் இருப்பவருக்கு மெஷின் தாமதமானால் அவருக்கு வேர்க்கும், எனக்கும் வேர்க்கும். தாங்க முடியாதபோது டெக்னீசியனிடம் சொல்லுங்கள், கொஞ்சம் விட்டுவிட்டு மறுபடி குடிக்கச் சொல்வார். கூச்சப்பட்டு அடக்கிக்கொண்டு உள்ளே போய்ப் பாதியில் எழுந்தால் எல்லாருக்கும் நேரம் போகும். சுண்டல், மொச்சை, முட்டைக்கோஸ், பால் இவற்றை அந்த நாலு வாரம் விட்டுவிட்டேன். காற்று இருந்து ஸ்கேனில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் மறுநாள் எங்களிடம் கேட்டுக்கொண்டதே இந்தப் பட்டியலைத்தான்.

மூன்றாவது வாரத்திலிருந்து எரிச்சல், அடிக்கடி ஒன்றுக்கு, வயிறு இளக்கம், அப்படி ஒரு அசதி. முடிந்து சில வாரத்தில் தணிந்தது. ஒரு வருடம் கழித்து மலத்தில் கொஞ்சம் ரத்தம் வந்தது. இது கரண்ட் வைத்தவர்களுக்கு வரக்கூடியது. குடல் டாக்டரிடம் போனால் முதல் வார்த்தையே "எனக்குப் புராஸ்டேட்டுக்குக் கரண்ட் வெச்சிருக்கு" என்பதாக இருக்கட்டும். ஆசனக்குடலின் முன்பக்கச் சுவரில் அவசியமில்லாமல் சதை எடுத்தால் அந்தப் புண் ஆறாமல் ஓட்டையாகும் அபாயம் உண்டு. அவர் தெரிந்துகொண்டு பார்ப்பார்.

ஊசியின் ஆறு மாதம்தான் உண்மையில் கஷ்டம். திடீர் திடீரென்று நெஞ்சிலிருந்து முகத்துக்குச் சூடு ஏறி, வேர்த்து, அடுத்த நிமிடம் குளிரும். மாதவிடாய் நிற்கும் சமயத்தில் தான் பட்டது இதுதான் என்று மனைவி சொன்னபோதுதான், அவள் அப்போது எவ்வளவு பொறுத்துக்கொண்டாள் என்று புரிந்தது. எடை கூடும், சர்க்கரை ஏறும், காரணமில்லாமல் கண் கலங்கும். சதை குறைவதைத் தடுக்க நடை மட்டும் போதாது, ஏதாவது பளு தூக்க வேண்டும். நான் தண்ணீர் நிரப்பிய ஐந்து லிட்டர் கேனைத் தூக்கினேன். தாம்பத்தியம் அந்த மாதங்களில் நினைப்பிலேயே இல்லை. பிறகு ஆசை திரும்பியது, உடம்பு முழுதாகத் திரும்பவில்லை. இதற்கு மாத்திரை உண்டு, டாக்டரிடம் வெட்கமில்லாமல் கேட்கலாம். ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரேட் மாத்திரை வைத்திருப்பவர்கள் இந்தத் தாம்பத்திய மாத்திரையை எடுக்கவே கூடாது, பிரஷர் ஒரேயடியாக இறங்கிவிடும். மனைவியையும் உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துக் கேளுங்கள், அவர்களுக்கும் கேட்க நிறைய இருக்கும்.

கரண்ட்டுக்குப் பிறகு பி.எஸ்.ஏ. உடனே பூஜ்யமாகாது, சுரப்பி உள்ளேயே இருக்கிறதல்லவா. மெதுவாக இறங்கி, ஒரு அடிமட்டத்துக்கு வரும். அந்த அடிமட்டத்துக்கு மேல் 2 ஏறினால்தான் திரும்ப வந்ததாகக் கணக்கு. எனக்கு 0.2 வரை இறங்கி, ஒரு சமயம் 0.9-க்கு ஏறியது. அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. முதல் இரண்டு வருடத்தில் இப்படி ஒரு தற்காலிக ஏற்றம் வருவது உண்டு, ஊசி நின்று ஹார்மோன் திரும்புவதாலும் ஏறும் என்று டாக்டர் சொல்லி, மூன்று மாதம் கழித்து எடுக்கச் சொன்னார். நோட்டில் பக்கத்துக் கட்டத்தில் டெஸ்டோஸ்டிரோனும் ஏறியிருந்தது தெரிந்தது. அடுத்த முறை 0.5, அப்புறம் 0.4.

பணம். அண்ணன் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது பெரிய ஆறுதல். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு அது. நோய் வந்த பிறகு வருமானச் சான்றுக்கு அலைவதைவிட இன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளலாம். எந்த மருத்துவமனையில், எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்று அங்கேயே இருக்கும் காப்பீட்டு மேசையில் தொடங்கும் முன்பே கேளுங்கள், பாதியில் கேட்டால் சிக்கல். ரயிலில் புற்றுநோயாளிக்குச் சிகிச்சைக்குப் போய்வர ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் டிக்கெட் இலவசம், கூட வருபவருக்கு 75 சதவீதம் கழிவு. அதற்கு மருத்துவமனையில் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். சென்னை, வேலூர் என்று போய்வருபவர்களுக்கு இது சின்னத் தொகை அல்ல.

அண்ணன் இப்போதும் இருக்கிறார். வரப்பில் கைத்தடியோடு நடக்கிறார். பி.எஸ்.ஏ. ஒன்றுக்குக் கீழே வருடக்கணக்கில் நின்றுவிட்டு, இந்த வருடம் மெல்ல ஏற ஆரம்பித்திருக்கிறது. அடுத்து டோசிடாக்சல் கீமோவா, வேறு மாத்திரையா என்று பேச்சு நடக்கிறது. அதை முடிவு செய்யத்தான் பி.ஆர்.சி.ஏ. மரபணு டெஸ்ட் எடுத்தார்கள். அந்தக் கோளாறு இருந்தால் ஓலாபரிப் என்ற மாத்திரைக்கு வழியுண்டு. பெண்களின் மார்பகப் புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படும் அதே மரபணுதான், அதனால் குடும்பத்தில் அக்கா, தங்கை, மகள்களுக்கும் இந்த ரிசல்ட் தேவைப்படும். அவருக்கு இல்லை என்று வந்தது. அதற்காக அடுத்த தலைமுறை சும்மா இருந்துவிட முடியாது, இரண்டு சகோதரர்களுக்கு வந்த குடும்பம் இது. நாற்பத்தைந்து வயதில் ஒரு பி.எஸ்.ஏ. எடுத்து வைத்துக்கொண்டு, அந்த எண்ணைப் பொறுத்து அடுத்தது எப்போது என்று முடிவு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். என் மகன் எடுத்துவிட்டான், 0.7. அண்ணன் மகன் திருப்பூரில் இருக்கிறான், நாற்பத்தாறு ஆகிறது, இன்னும் எடுக்கவில்லை. பொங்கலுக்கு வருகிறான். இங்கே லேபில் சொல்லி வைத்துவிட்டேன், புது நோட்டும் ஒன்று வாங்கி அவன் பெயர் எழுதியாயிற்று.